சமையலறை வசதியுடன்!

எங்கள் ஊர் அரக்கோணம். "தெரியுமே, ரயிலில் போகும்போது டீ குடிச்சிருக்கேன்" என்பீர்கள். அதுதான் ஸார் எங்கள் சோகமே! சென்னையிலிருந்து மும்பைக்குப் போகிறவரும் சரி, பெங்களூருக்குப் போகிறவரும் சரி, எங்கள் பிளாட்பாரத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். நாங்கள் மட்டும் எங்கேயும் போனதில்லை.

போகாததற்குக் காரணம், மற்றவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான். பக்கத்தில் திருத்தணி. இன்னும் கொஞ்சம் போனால் திருப்பதி. இந்தப் பக்கம் காஞ்சிபுரம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம், சித்தியின் ஓரகத்தி குடும்பம் என்று வரிசையாக வந்து இறங்குவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஒரு கோஷ்டி. டிசம்பர் 31 ராத்திரி 365 படியும் ஏறி, புது வருஷத்தை முருகன் முகத்தில் விழித்துத் தொடங்க இன்னொரு கோஷ்டி. எல்லோருக்கும் அம்மா கையால் இட்லி, போகும்போது கட்டுசாதமாகப் புளியோதரை. அவர்களுக்கெல்லாம் அது சுற்றுலா. அம்மாவுக்கு ஓவர்டைம்!

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு. வருஷா வருஷம் பாஸ் கிடைத்தது. ஒன்று யார் கல்யாணத்துக்காவது போகும்; இன்னொன்று யார் காரியத்துக்காவது போகும். "ரிடையர் ஆனதும் ஊட்டி போலாம்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர், ரிடையர் ஆன இரண்டாவது வருஷமே எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாக்கை நான் நிறைவேற்றுவது என்று 2025 மே மாதத்துக்குத் தீர்மானம் போட்டேன். நான் பி.காம். சும்மா கிளம்பிவிடுவேனா? ஒரு நோட்டு வாங்கி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று கோடு போட்டேன். இனி வருவது அந்த நோட்டில் நான் எழுத மறந்த ஐட்டங்கள். உங்களுக்காவது உதவட்டும்.

முதல் ஐட்டம், ரயில் டிக்கெட். 120 நாளைக்கு முன்னால் ரிசர்வேஷன் என்று மனப்பாடம். ஜனவரியிலேயே விடியற்காலையில் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்தால், கம்ப்யூட்டர் "அந்தத் தேதி இன்னும் திறக்கவில்லை" என்றது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது 60 நாளாகிவிட்டது என்று மனைவிதான் விளக்கினாள். "சரி, மார்ச்சில் பார்ப்போம்" என்று நோட்டை மூடினேன். மறுபடி திறந்தபோது மார்ச் முடிய நான்கே நாள். நீலகிரி எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட், கடைசியில் ஆர்.ஏ.சி. ஆனது. அதாவது, நாலு பேருக்கு இரண்டு பெர்த். என் எட்டு வயசு மகள் ராத்திரி முழுக்க என் விலாவில் கால் வைத்து ஃபுட்பால் ஆடினாள்.

இரண்டாவது ஐட்டம், மலை ரயில். "மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கேயே டிக்கெட் வாங்கிக்கலாம்" என்றேன், ஏதோ திருவள்ளூருக்கு லோக்கல் ஏறுவது போல! 1908-லிருந்து ஊட்டிவரை ஓடும் வண்டி. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம்வரை ஆகும். அந்த ஐந்து மணி நேரத்துக்காகவே உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆள் வருகிறான். வந்தவனெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்திருந்தான். நாங்கள் வண்டிக்கு டாட்டா காட்டிவிட்டு வாடகைக் காரைத் தேடினோம்.

மூன்றாவது ஐட்டத்தை டிரைவர் சொன்னார். "ஸார், இ-பாஸ் எடுத்தாச்சா?"

"எந்த பாஸ்?"

ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். நாங்கள் போன 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. நாங்கள் போனதோ சனிக்கிழமை! ரோட்டோரம் காரை நிறுத்தி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, சிக்னல் தேடி, ஓ.டி.பி. வருவதற்குள் எனக்கு வேர்த்த வேர்வையில் மே மாதத்து அரக்கோணமே தோற்றது. எப்படியோ திருத்தணி முருகன் புண்ணியத்தில் பாஸ் கிடைத்தது.

இத்தனை கோட்டை விட்டவன், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தேன். தங்குமிடம்! ஹோட்டல் ரூம் எடுக்காமல், 'சமையலறை வசதியுடன்' ஒரு சின்ன வீடு பிடித்திருந்தேன். ஹோட்டலில் சாப்பிட்டால் நாலு பேருக்கு வேளைக்கு எண்ணூறு ரூபாய். மூன்று நாளுக்குக் கணக்குப் போட்டு, வரவுப் பக்கம் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். "பிரமாதம் இல்ல?" என்று மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானவர்களுக்கு அந்த 'ஒன்றும் சொல்லவில்லை' புரியும். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மூன்று நாளும் பொட்டானிகல் கார்டன், படகு, தொட்டபெட்டா என்று ஓடினோம். "நீங்க போயிட்டு வாங்க, வரும்போது பசியோட வருவீங்க. நான் ஒரு ரசம் வெச்சு வைக்கிறேன்" என்று அம்மா பாதி இடத்துக்கு வரவில்லை. மனைவி கூட இருக்கிறேன் என்றால் விரட்டிவிடுவாள். முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரசமும் பிரமாதமாக இருந்தது.

13-ம் தேதி மலை இறங்கி ஈரோட்டில் மைத்துனன் வீடு. அங்கே ஒரு நாள் ஓய்வு எடுத்துவிட்டு அரக்கோணம் திரும்புவதாக ஏற்பாடு. ராத்திரி ஒன்பதரை இருக்கும். மைத்துனன் கேட்டான், "நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா வண்டி?"

"ராத்திரி பன்னிரண்டு இருபது. பதினாலாம் தேதி டிக்கெட்."

உள்ளேயிருந்து அம்மா குரல். "டேய், பன்னண்டு அடிச்சா தேதி மாறிடும்டா. அது இன்னிக்கு ராத்திரி!"

டிக்கெட்டைப் பார்த்தேன். 14-05, 00.20. அதாவது, இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை! அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. ஈரத் துணி, சூடான சப்பாத்தி, தூங்குகிற குழந்தை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டது போல ஸ்டேஷனுக்கு ஓடினோம். வண்டியைப் பிடித்துவிட்டோம். மறுநாள் ராத்திரி சாவகாசமாகப் போயிருந்தால் பிளாட்பாரத்தைத்தான் பிடித்திருப்போம்.

வண்டி கிளம்பி, மூச்சு வாங்கியதும் கேட்டேன். "எப்படிம்மா கரெக்டா சொன்னே?"

"உங்கப்பாவுக்குப் பன்னண்டரை மணி டூட்டின்னா, எந்த ராத்திரி சாப்பாடு கட்டணும்னு எனக்குத்தானே தெரியணும்? முப்பது வருஷம் பண்ணினேனே!"

அந்த சந்தோஷத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டேன். "ஊட்டி எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. ஜன்னல்லேர்ந்து பாத்தா மலையெல்லாம் அழகா தெரிஞ்சுது."

"எந்த ஜன்னல்?"

"சமையல்கட்டு ஜன்னல்தான்."

குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பேத்தியின் போர்வையைச் சரி செய்தாள். எனக்குத்தான் அரக்கோணம் வரும்வரை தூக்கம் வரவில்லை. அரக்கோணத்து அடுப்பிலிருந்து அம்மாவைக் கிளப்பி, ஏழாயிரம் அடிக்கு மேலே தூக்கிக்கொண்டு போய், இன்னொரு அடுப்பின் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். அதை வரவுப் பக்கம் வேறு எழுதியிருக்கிறேன்!

ஆகவே, லீவுக்குக் கிளம்புகிறவர்களே... அறுபது நாள் கணக்கைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். நள்ளிரவு வண்டியாக இருந்தால், எந்த ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று டிக்கெட் மேலேயே எழுதுங்கள். இ-பாஸை வீட்டிலிருந்தே எடுங்கள். இதிலெல்லாம் தப்பு வந்தால் பணத்தோடு போகும். ஆனால், நோட்டில் முதல் கோடு போடுவதற்கு முன்னால், யாருக்காகப் போகிறீர்களோ அவர்களிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிடுங்கள். நாலு மாதம் திட்டம் போட்ட நான், அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பிறகு கேட்டேன். அம்மா ரொம்ப யோசித்தாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கமில்லை. கடைசியில், "ஒரு தடவை லாட்ஜுல தங்கிப் பாக்கணும்டா. கடல் பக்கமா" என்றாள்.

மாமல்லபுரம் போனோம். இரண்டே நாள். அடுப்பில்லாத ரூம். காலையில் ஹோட்டலில் உட்கார்ந்து, மெனு கார்டை முழுசாகப் படித்துவிட்டு, மசால் தோசை சொன்னாள். ஒரு விள்ளல் சாப்பிட்டாள்.

"சட்னியில உப்பு கம்மி" என்றாள்.

சொன்னாளே தவிர, எழுந்திருக்கவில்லை.