முன்கண்ணாடியும் என் அவசரமும்



லாரி தெறித்த கல் பட்டு என் கார் முன்கண்ணாடி விரிசல் விட்ட படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். மாற்றியாயிற்றா என்று பலர் கேட்டீர்கள். மாற்றியாயிற்று. மாற்றும்போது தெரியவந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வேலை செய்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். திண்டுக்கல்லில் 15 வருடமாக இதே தொழில். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அம்பாசிடர் காலத்தில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில்தான் நிற்கும். உள்ளே உட்கார்ந்து காலால் மெல்ல உந்தி எடுப்பார்கள், பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில், "ஒரு மணி நேர வேலைதானே? நாளைக்கு ஒட்டன்சத்திரத்தில கல்யாணம்" என்றேன். சிரித்தான். இப்போதெல்லாம் கண்ணாடியை யூரித்தேன் பசையால் காரின் உடம்போடு ஒட்டிவிடுகிறார்களாம்.

வைப்பரையும் அதன் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினான். பெயிண்டில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, டேஷ்போர்டு மேல் கம்பளி விரித்தான். பசையில் சின்ன ஓட்டை போட்டு முறுக்குக் கம்பியை நுழைத்தான். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், ரம்பம் போல மாறி மாறி இழுக்க வேண்டும். உதவியாள் டீ வாங்கப் போயிருந்ததால் நான் கை வைக்கப் போனேன்.

"சார், முதல்ல கையுறையும் கண்ணாடியும் போடுங்க."

"கண்ணாடிதான் போட்டிருக்கேனே."

"அது பேப்பர் படிக்கிறதுக்கு சார். கம்பி அறுந்தா கண்ணுக்குத்தான் வரும்."

போட்டுக்கொண்டேன். பத்து இழுப்பில் தோள்பட்டை போய்விட்டது.

இடப்பக்கம் வந்ததும் கம்பி வெண்ணெயில் போவது போல ஓடியது. அவன் நிறுத்திவிட்டான். "இதுக்கு முன்னாடி யார் சார் மாத்தினது?"

இரண்டு வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில், 1,500 ரூபாய் குறைவு என்று நான்தான் மாற்றினேன். அவசரப்படுத்தி உடனே ஓட்டிக்கொண்டும் வந்தேன். அங்கே வைத்திருந்தது வெறும் சிலிகான். கத்தி கீறிய இடத்தில் பிரைமர் அடிக்காததால் அடியில் துரு. விரல் பட்டதும் உதிர்ந்தது.

"சும்மா உட்கார்ந்திருந்திருக்கு சார்" என்றான். பல கார்களில் இடப்பக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் ஆள் பக்கம் திரும்புமாம். கண்ணாடி பிடிப்பில்லாமல் இருந்தால் வெளியே பிதுக்கித் தள்ளிவிடும். கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்த இடது சீட்டில் மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்கு உட்கார்ந்து வருவது என் மனைவி. அதற்குமேல் நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிட்டு, மாலையில்தான் புதுக் கண்ணாடியை வைத்தான்.

"நாளைக்குக் காலை வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க சார். ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைங்க. கதவை அடிச்சுச் சாத்தினா உள்காத்து புதுசைத் தள்ளிடும்."

கல்யாணத்துக்குப் பேருந்தில்தான் போனோம். ஒட்டன்சத்திரத்துச் சொந்தங்களே, முகூர்த்தத்துக்கு வராமல் பந்திக்கு வந்த காரணம் இதுதான், கோபம் வேண்டாம். மனைவியிடம் விஷயத்தைப் பேருந்தில்தான் சொன்னேன். "ஆயிரத்து ஐநூறா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.