பெயர் ஒன்று, இருப்பிடம் வேறு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறு விவசாயக் குடும்பம். ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு கலப்பினக் கறவை மாடுகள், ஒரு கிடேரி. பால் காசில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது. தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும், அந்த வீட்டுப் பாட்டி கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போவார். காது மடல், மடி, வாலடி என்று தேடித் தேடி உண்ணிகளைப் பிடுங்கிப் போடுவார். மறுநாள் பார்த்தால் அதே அளவு உண்ணி மறுபடியும் ஏறியிருக்கும்.

ஆவணி மாதம் மூத்த மாடு தீனி எடுக்கவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. 9 லிட்டர் கறந்த மாடு 2 லிட்டருக்கு இறங்கிவிட்டது. தோளுக்கு முன்னால் நெறி கட்டியிருந்தது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, தைலேரியா என்றார். உண்ணி கடிக்கும்போது மாட்டுக்குள் புகுந்து, ரத்த அணுக்களைத் தாக்கும் நுண்ணுயிரி அது. ஊசி போட்டதில் மாடு பிழைத்தது. பழைய பால் மட்டும் திரும்பவில்லை.

"தினமும் பொறுக்குறோமே சார், அப்புறம் எப்படி?" என்று மகன் கேட்டார். மருத்துவர் பதில் சொல்லாமல், டார்ச் அடித்து கொட்டகைச் சுவரின் விரிசலைக் கத்தியால் கீறினார். ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகளும், பழுப்பு நிற முட்டைக் குவியலும் கொட்டின. "மாட்டு மேல இருக்கிறது கொஞ்சம்தான். குடும்பமே இங்கதான் இருக்கு" என்றார்.

வயிறு நிறைந்த பெண் உண்ணி மாட்டிலிருந்து உதிர்ந்து, சுவர் இடுக்கிலோ குப்பையிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். குஞ்சுகள் மாடு வரும்வரை பல நாள் பட்டினியாகவே காத்திருக்கும். மாட்டை மட்டும் சுத்தம் செய்து பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

அந்த வாரமே விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எருக்குழியைக் கொட்டகையை விட்டுத் தள்ளி வெட்டினார்கள். மருத்துவர் சொன்ன அளவில் மருந்து கலந்து மாடுகள், கிடேரி, கொட்டகை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தெளித்தார்கள். முட்டைக்குள் இருப்பதை மருந்து கொல்லாது என்பதால், அவர் குறித்துக் கொடுத்த தேதியில் மறுபடியும் தெளித்தார்கள். இடையில் வாரம் ஒருமுறை மூலிகைத் தெளிப்பு. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி. அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின் மேலும் சுவர் இடுக்கிலும் தெளித்தார்கள். உண்ணி வெகுவாகக் குறைந்தது.

கார்த்திகையில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, உடம்பு வலி. கடையில் வாங்கிய மாத்திரைக்கு ஐந்து நாளாகியும் அடங்கவில்லை. அரசு மருத்துவமனையில் உடம்பு முழுக்கப் பார்த்த டாக்டர், இடுப்பில் புடவைக் கட்டுக்கு அடியில், பீடி சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். வலியோ அரிப்போ இல்லாததால் பாட்டிக்கே அது தெரியவில்லை. "உண்ணிக் காய்ச்சல்" என்றார் டாக்டர்.

வீடு ஆடிப்போனது. மாட்டு உண்ணிதான் பாட்டியைக் கடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மாடுகளை விற்றுவிடலாம் என்று மகன் தரகருக்குச் சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்ட டாக்டர், "பாட்டி, புல்லு எங்க அறுத்தீங்க?" என்று விசாரித்தார். ஏரிக்கரைப் புதரோரம் அறுத்துவிட்டு, அங்கேயே புல்லின் மேல் உட்கார்ந்து இளைப்பாறியதாகப் பாட்டி சொன்னார். "அங்கதான் கடிச்சிருக்கும். இது மாட்டு உண்ணி இல்ல. புதர்லயும் எலி நடமாடுற இடத்துலயும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சியோட குஞ்சு" என்று விளக்கினார். பெயர்தான் உண்ணி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்ததும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. இன்னும் தாமதித்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதித்திருக்கும்.

அதற்காக மாட்டு உண்ணியை அலட்சியமாக விடவும் முடியாது. 2011-ல் குஜராத்தில் கண்டறியப்பட்ட கிரிமியன்-காங்கோ காய்ச்சல், உண்ணியை வெறும் கையால் நசுக்கினாலும் தொற்றக்கூடியது. உடம்பில் உண்ணி ஒட்டிக்கொண்டால் நெருப்பு வைக்கக் கூடாது, எண்ணெய் ஊற்றக் கூடாது. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் காய்ச்சல் விடாமல் அடித்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தரகர் சனிக்கிழமை வந்தார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாட்டி இப்போதும் புல் அறுக்கப் போகிறார், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு. உட்காரத் தனியாக ஒரு சாக்கு. வீட்டுக்கு வந்ததும் குளியல், உடுத்திய துணிக்கு வெந்நீர். வேலியோரப் புதரை மகன் வெட்டிவிட்டார். புடவையைப் புதர் மேல் காயப்போடும் பழக்கமும் போய், கொடிக்கயிறு வந்துவிட்டது.