மீண்ட உயிரும் மீளாத வாழ்வும்

என் தமையனாரின் உடலில் இன்று இயங்குவது எங்கள் தங்கையின் ஈரலில் ஒரு பகுதி. இது சிறு சாதனையன்று. 1963இல் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்சல் முதன்முதலாக மனிதருக்கு ஈரல் மாற்ற முயன்றபோது, அந்நோயாளி சத்திரசிகிச்சையின்போதே இறந்தார். இன்று பெரும்பாலோர் ஐந்தாண்டு கடந்தும் உயிர்வாழ்கின்றனர்.

ஆயினும் அண்ணர் உறங்குவதில்லை. மாற்றிய உறுப்பை உடல் நிராகரியாதிருக்க ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டிய மருந்து, அவரது கைகளை நடுங்கச் செய்கிறது. தச்சுத் தொழிலாளியின் கை நடுங்கினால் கூலி ஏது? தங்கை வந்தால் தலைகவிழ்கிறார். "அவள் வயிற்றுத் தழும்பு என் கடன்" என்று ஓரிரவு அழுதார். உறவினர் இதனை நன்றியின்மை என்றனர்.

கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்தனர். 'உறக்கம் உண்டா, வேலை உண்டா?' என எவரும் வினவவில்லை. நானும் வினவவில்லை. பிழைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில், வாழ்கிறாரா என்று பார்க்க மறந்தேன். பிந்தியே மனநல வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அது மனச்சோர்வு என்றும், அதற்குச் சிகிச்சை உண்டு என்றும் அன்றுதான் அறிந்தோம்.

இலவச வைத்தியத்தை உரிமையாகப் பெற்ற மக்கள் நாம். அவ்வுரிமை தையல் பிரித்த அன்றே முடிந்துவிடலாகாது. மனத்துக்கு வைத்தியமும் கைக்கேற்ற வேலையும் அதன் பாகங்களே.