தெருவில் நின்ற சாகா

பினாங்குக்குப் போய்வரும் நம் தோட்டத்து மக்கள் கொடிமலை, தண்ணீர்மலை, பாம்புக் கோயில் என்று சுற்றிவிட்டு, லிட்டில் இந்தியாவில் துணிமணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் நிற்கும் கார்களை யார் கவனிக்கிறார்கள்? அங்குள்ள கடைவீடுகளில் பெரும்பாலானவை கார் வருவதற்கு முன்பே எழுந்தவை. வாசலில் அஞ்சடி நடைபாதை, அதைத் தாண்டினால் தெரு. 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமை ஆக்கியபின், இடித்துக் கட்டுவதும் எளிதல்ல. ஆகவே வெயில், மழை, உப்புக்காற்று மூன்றையும் கார் தெருவில் நின்றே தாங்கவேண்டும்.

என் தாய்மாமா அப்படியொரு தெருவில்தான் குடியிருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு பட்டணம் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பழைய புரோட்டோன் சாகா வாங்கினார். சாகாவும் பினாங்குப் பாலமும் 1985-இல் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஜூலையில் கார் வெளிவந்தது. ஆகஸ்டில் பாலத்தைத் திறந்துவைத்த பிரதமர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டித்தான் அதைக் கடந்தார். மாமாவுக்கு அதில் தனிப் பெருமை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடைக்கு நடந்தே போனார்கள்; கார் நின்றுவிட்டது. எங்கள் தோட்டத்தில் பாட்டி படுக்கையில் கிடந்து, மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் 10-இல் மாநில எல்லை திறந்ததும் மாமா சாவியைத் திருப்பினார். ‘டிக், டிக்’ என்ற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

மறுநாள் நான் கெடாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் ஃபெரி ஏறினேன். (அப்போது ஃபெரியில் கார்களும் ஏறின. 2021 முதல் கார்களுக்கு இடமில்லை.) நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறைத் தம்பி ஒருவர் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேட்டரி செத்துப்போச்சு ஐயா.”

“தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சேனே தம்பி!”

“அதனாலதான் ஐயா போச்சு.”

அவர் சொன்ன விளக்கம் வகுப்பில் பாடமாக வைக்கத் தக்கது. எஞ்சினைக் கிளப்ப பேட்டரி பெரும் மின்சாரத்தைக் கொடுக்கிறது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் அது திரும்பி வராது. தினமும் கடன் ஏறுகிறது. போதாக்குறைக்கு, சூடேறாத புகைக்குழாயில் நீர் தங்கி உள்ளேயே துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே சரி. அதற்கும் வழியில்லாமல் பல வாரம் நிற்குமானால், பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடலாம். கடிகாரமும் அலாரமும் மின்சாரத்தைக் குடிக்காது.

பக்கத்து வீட்டு வேனிலிருந்து கம்பி இழுத்தார்கள். சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் மாட்டி, மறுமுனையை வேனின் பாசிட்டிவில் மாட்டினார். பிறகு கறுப்பு, வேனின் நெகட்டிவில். அதன் கடைசி முனையை மாமாவின் பேட்டரியில் வைக்கவில்லை. தள்ளி, எஞ்சினின் வெற்று இரும்பில் கவ்வவிட்டார். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்பதால்தான்.

எஞ்சின் கிளம்பியது, கார் நகரவில்லை! மூன்று மாதம் இழுத்தே கிடந்த கைப்பிரேக்கில் பின்சக்கரங்கள் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கடலோர ஈரத்தில் இது சகஜமாம். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குச் செங்கல் வைத்தால் போதும். தட்டி விடுவித்து, காற்றடித்து, ஏறக்குறைய 200 வெள்ளிக்குப் புதுப் பேட்டரி மாட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றிரவே மாமா பாட்டியின் கட்டிலருகே இருந்தார்.

கனடாவில் வாழும் நம்மவர்கள் சிலர் குளிர்காலம் முழுக்கக் காரைக் கொட்டகையில் பூட்டி வைப்பதுண்டு. அங்கே உறைபனியில் பேட்டரியின் பலம் குன்றும், எண்ணெய் கெட்டிப்படும். நமக்குப் பனியில்லை என்று நிம்மதி கொள்ளவேண்டாம்; வெப்பம்தான் பேட்டரியின் ஆயுளை அதிகம் தின்கிறது.

கித்தான் போட்டு மூடுவோருக்கு ஒன்று. மடிப்பில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். காருக்காக டெங்கியை வாங்கலாமா? உள்ளே ஈரமும் அடைபட்டு இருக்கையில் பூஞ்சை பிடிக்கும். நாள்பட நின்ற காரைக் கிளப்புமுன் முன்மூடியைத் திறந்து, எலி கம்பியைக் கடித்திருக்கிறதா, பூனை படுத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த கொட்டகைக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள நச்சுவாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

மாமா இப்போது ஞாயிறுதோறும் கர்னி சாலை, தஞ்சோங் பூங்கா வழியாகப் பத்து பெரிங்கி வரை ஓட்டுகிறார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, பக்கத்தில் அத்தை. திரும்பியதும் உப்புப் போக, அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடிக்கிறார். 2021-இல் மறுபடி எல்லைகள் மூடியபோதும், தீவுக்குள் ஓட்ட அனுமதி கிடைத்த வாரங்களில் இதை விடவில்லை. அக்டோபர் 11-இல் எல்லை திறந்த அன்று சாகா ஒரே திருப்பில் கிளம்பிக் காலை பத்து மணிக்கெல்லாம் எங்கள் லயத்து வாசலில் நின்றது. அத்தை மடியில், பாட்டியின் முழங்காலுக்குத் தேய்க்க ஒரு புட்டி ஜாதிக்காய்த் தைலம்.