தேவதாஸின் கல்லீரல்

சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ நாவலையும் அதிலிருந்து பிறந்த திரைப்படங்களையும் காதல் கதை என்று வகைப்படுத்தியே நமக்குப் பழக்கம். சென்ற மாதம் பிமல் ராயின் 1955ஆம் ஆண்டுப் படத்தை மறுபடியும் பார்த்தேன். பிறகு நாவலை வங்க மூலத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். இம்முறை கண்ணில் பட்டவை காதலைக் காட்டிலும் பணமும் புட்டியும்தான்.

1917இல் வெளிவந்த அந்நாவலில் தேவதாஸ் முதலில் குடிகாரன் அல்லன். ஜமீன்தாரின் இளைய மகன், கல்கத்தாவுக்குப் படிக்க வந்தவன். ஒரு மெஸ்ஸில் தங்குகிறான். (நம்மூரில் மெஸ் என்றால் சாப்பாட்டுக் கடை. இங்கே ‘மெஸ்பாரி’ என்பது வெளியூர் ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் வீடு. திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைத்துக்கொள்ளலாம்.) அங்கே அவனுக்கு வாய்க்கும் நண்பன் சுனிலால். பி.ஏ. தேர்வைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு பல ஆண்டுகளாக அதே மெஸ்ஸில் இருப்பவன். முனைவர் பட்டத்தின் ஏழாவது ஆண்டில் இருக்கும் எவருக்கும் இவ்விடத்தில் ஒரு சிறு சங்கடம் நேரும். வாழ்க்கையை ஒத்திப்போட முடிவதும் ஒரு வகைச் செல்வம்தான். ஊரிலிருந்து பணம் வரும்வரை எதற்கும் அவசரமில்லை.

சுனிலால் வில்லன் இல்லை என்பதே இக்கதையில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. 1955 படத்தில் அப்பாத்திரத்தை ஏற்ற மோதிலால் மிக இனிமையான மனிதராக வருகிறார். சிரித்த முகம், நண்பன் மீது உண்மையான அன்பு. படத்தின் பிற்பகுதியில், மருத்துவரின் எச்சரிக்கைக்குப் பின் குடியை விட்டுவிட்ட தேவதாஸ் ரயிலில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான். அதே பெட்டியில் சுனிலால் வந்து சேர்கிறான். பழைய தோழனைக் கண்ட மகிழ்ச்சியில் புட்டியைத் திறக்கிறான். திலீப்குமார் தயங்குகிறார், பிறகு வாங்கிக்கொள்கிறார். அந்தக் கணத்தில் பார்வதியின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. குடியை விட்டவன் மீண்டும் விழுவது பெரும்பாலும் பெருந்துயரத்தால் அன்று, இப்படியொரு சுமுகமான மாலையால்தான் என்பதைக் கருத்தரங்குகளில் எங்கும் கேட்டதில்லை. பிமல் ராய் அதைக் காட்டியிருக்கிறார்.

இப்படத்துக்கு முன்பே பெரிய மரபொன்று இருந்தது. டாலிகஞ்சின் நியூ தியேட்டர்ஸ் 1935இல் வங்க வடிவத்தை எடுத்தது. இயக்கி நடித்த பிரமதேஷ் சந்திர பருவா, அசாமின் கௌரிபூர் ஜமீன்தாரின் மகன். மாநிலக் கல்லூரியில் படிக்கக் கல்கத்தா வந்தவர். கதாபாத்திரத்துக்கும் நடிகருக்கும் இடையே பெரிய தொலைவு இல்லை. அடுத்து வந்த இந்தி வடிவத்தில் தேவதாஸாக நடித்துப் பாடியவர் கே. எல். சைகல், ஒளிப்பதிவாளர் இதே பிமல் ராய். சைகல் 1947இல் 42 வயதில் இறந்தார். பருவா 1951இல் 48 வயதில். இருவரின் உடலையும் குடி அரித்திருந்தது.

தமிழுக்கு வருவோம். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த ‘தேவதாஸ்’ 1953இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. அப்போது சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1937இல் அதைச் சேலத்தில் தொடங்கிவைத்த ராஜாஜியே மீண்டும் முதலமைச்சராக இருந்தார். கடையில் ஒரு புட்டி வாங்க வழியில்லாத சாமானியர்கள் வரிசையில் நின்று, இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற குடிகாரனைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். நமக்கு அவன் தாடியும் சால்வையும் கண்டசாலாவின் குரலுமாக வந்தான். மது வாடை இல்லாமல் வந்தான் என்றுகூடச் சொல்லலாம். 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, 2003இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக்கின் கைக்குப் போனபோது, குடிப்பவனுக்கு இடுவதற்கு மொழியில் ஓர் அழகிய பெயர் தயாராக இருந்தது.

என் பெரியப்பா மகன் ஒருவருக்கு அந்தப் பெயர் கிடைத்தது. குடும்பத்தில் நன்செய் இருந்தது, கையில் பணம் இருந்தது, கூடவே மூன்று நண்பர்கள் இருந்தார்கள். அண்ணனின் குடி ஒரு பெண்ணின் திருமணத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஊர் அந்த வரிசையை மாற்றிக்கொண்டது. “பாவம், தேவதாஸ் ஆயிட்டான்” என்றார்கள். சொன்னவர்களில் பெரியம்மாவும் ஒருவர். காதல் தோல்விக்கு மருத்துவமனை கிடையாது, கல்லீரலுக்கு உண்டு. கண்ணும் தோலும் மஞ்சளாகி வயிறு வீங்கிய பிறகுதான் அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முப்பத்தாறு வயது. நாவலிலும் கல்லீரல் வருகிறது, மருத்துவர்கள் வருகிறார்கள். சரத்சந்திரர் எதையும் மறைக்கவில்லை. அவற்றை மறந்தவர்கள் வாசகர்களும் பார்வையாளர்களுமான நாமே.

இப்பெயர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கூலி வேலை முடித்துக் கடை வாசலில் விழுந்து கிடப்பவரை யாரும் தேவதாஸ் என்று அழைப்பதில்லை. அவருக்கு வேறு சொற்கள் உண்டு. பெண்களுக்கும் கிடைப்பதில்லை. 1953 படத்தின் பார்வதியான சாவித்திரியும் பிற்காலத்தில் குடியால் நலிந்து, நீண்ட மாதங்கள் நினைவிழந்து கிடந்து, 1981இல் மறைந்தார். அவரது குடியைப் பற்றி நாம் பேசும் தொனியையும் தேவதாஸைப் பற்றிப் பேசும் தொனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பண்பாட்டு ஆய்வில் இருக்கும் யாராவது இதை முறையாக எழுத வேண்டும்.

நாவலில் நான் திரும்பத் திரும்பப் படித்த பாத்திரம் தர்மதாஸ், வீட்டு வேலைக்காரர். தேவதாஸின் சிறுவயதிலிருந்து உடன் இருப்பவர். பணம் கொண்டுவருபவர், நோயில் பணிவிடை செய்பவர், கண்டிக்க உரிமையில்லாமல் அழுபவர். கடைசிப் பயணத்தில் வண்டி விடியும் வேளையில் பாண்டுவா நிலையத்தில் நிற்கிறது. இன்றும் ஹவுராவிலிருந்து பர்தமான் போகும் லோக்கல் ரயில்கள் நிற்கும் அதே நிலையம். தூங்கிக்கொண்டிருக்கும் தர்மதாஸை எழுப்பாமல் தேவதாஸ் இறங்குகிறான்; மாட்டுவண்டி பிடித்துப் பார்வதியின் ஊருக்குப் போகிறான். எல்லாப் படங்களும் நம் கண்ணீரை அந்த மாட்டுவண்டியின் பின்னாலேயே அனுப்புகின்றன. கிழவரோ ரயிலில் தூங்கியபடி கல்கத்தாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்.