உம்மாவின் தோளும் அக்குபங்சர் ஊசியும்



இரண்டு மாதமாக சனிக்கிழமை காலையில் உம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதைக் கண்டவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். "ரீச்சர், ஊசி குத்துற இடத்துக்கா போறீங்க? நோகாதா? சீனி வருத்தக்காரங்களுக்குக் குத்தலாமா?" பாடசாலை வாசலிலும் கேட்கிறார்கள், கலியாண வீட்டிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

உம்மாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் வந்து 14 வருடம். போன வருடக் கடைசியில் வலது தோள்மூட்டு இறுகத் தொடங்கியது. தலை சீவ முடியாது, முந்தானையை எடுத்துப் போட முடியாது, இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கவே முடியாது. சீனி உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும் என்று அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். நோவுக்குக் குளிசையும் பிசியோதெரபியும் தந்தார்கள். பயிற்சி செய்யச் சொன்னால் நோவில் உம்மா கையைத் தூக்கவே மாட்டா. நோவு கொஞ்சம் குறைந்தால் பயிற்சியாவது ஒழுங்காக நடக்கும் என்றுதான் அக்குபங்சருக்குப் போனோம். பிசியோதெரபியை நிறுத்தவில்லை.

முதல் நாள் அரை மணித்தியாலத்துக்கு ஊசியே எடுக்கவில்லை. கேள்விகள்தான். என்னென்ன குளிசை, நித்திரை எப்படி, வயிறு எப்படி, கால் விறைக்குதா. கிளினிக் கொப்பியை முழுக்கப் புரட்டிப் பார்த்தார் அந்த லேடி டொக்டர். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். கொப்பியைக் கொண்டுபோக மறக்காதீர்கள். அதைக் கேட்காத இடமென்றால் அங்கே படுக்காமல் திரும்பி வருவதே நல்லது.

இனி ஊசி. நமக்கு ஊசி என்றதும் ஞாபகம் வருவது மருந்து ஏற்றும் ஊசி. அது உள்ளே துவாரம் உள்ளது, தடிப்பானது. இது துவாரமில்லாத மெல்லிய கம்பி, பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். சிறிய குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு, முடிந்தது. உம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கலிமா ஓதிக்கொண்டிருந்தா. "இன்னும் குத்தல்லயா மகள்?" என்று கேட்கும்போது நான்கு ஊசி ஏறியிருந்தது.

ஆனால் ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் அது பொய். குத்தும்போது நுளம்பு கடித்தது போல. பிறகு ஊசியை மெதுவாகத் திருகும்போது ஒரு பாரம், ஒரு விறுவிறுப்பு, உள்ளே யாரோ அழுத்துவது போல. சீனத்தில் இதை 'தே ச்சீ' என்பார்கள். அது வந்தால்தான் ஊசி சரியாகப் பிடித்தது என்பது அவர்களின் கணக்கு. கூர்மையாகச் சுரீர் என்று இழுத்தால் சும்மா பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். சொன்னால் எடுத்து மாற்றிக் குத்துவார்கள்.

தோள் நோவுக்குக் காலிலும் குத்துவார்கள். அதைப் பார்த்து உம்மாவுக்குச் சிரிப்பு. உடம்பில் ஓடும் பாதைகள் என்று சீன வைத்தியம் சொல்வதன்படி அந்த இடங்களைத் தெரிவு செய்கிறார்கள். மொத்தம் பதினொரு ஊசி, இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். நான் எண்ணி வைத்துக்கொள்வேன், எடுக்கும்போதும் எண்ணுவேன். (வாத்தியார் புத்தி, விடாது.) பெரிதாக இரத்தம் வராது. ஹிஜாமாவையும் இதையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹிஜாமாவில் இரத்தம் எடுப்பதுதான் வேலை, இதில் அப்படியல்ல. முடிந்த பிறகு களைப்பும் நித்திரையும் வரும். சிலருக்குத் தலைசுற்றும், அதனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முதல் இரண்டு தடவை அன்றிரவு உம்மாவுக்கு நோவு கூடித்தான் இருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் இரவு நித்திரை வந்தது.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

அந்த மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒரு நாள் உம்மாவின் மெட்போர்மின் குளிசை அட்டையைப் பார்த்தேன். ஒன்பது நாள் குளிசை அப்படியே இருக்கிறது. கேட்டால், "ஊசி தொடங்கினா குளிசை தேவல்லயாம் மகள், அது ஊசிட வேலைய முறிக்குமாம்" என்கிறா. யார் சொன்னது? வாங்கில் பக்கத்தில் இருந்த ஒருவர். அவருக்கு யார் சொன்னது? வட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு ஹீலருடைய வீடியோ. மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரத்தம் பார்த்தோம், 268. வழமையாக 140க்குப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை லேடி டொக்டரிடம் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. வெளியே வந்து வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் நோவுக்குத்தான் குத்துறன். சீனிக்கும் பிரஷருக்கும் குடிக்கிற குளிசைய யாரும் நிப்பாட்ட வேணாம். நிப்பாட்டினா இங்க வர வேணாம்."

அவர் சொன்னது சரி. சீனி கூடுவது பெரும்பாலும் நோகாது, அதுதான் அதிலுள்ள ஆபத்து. தோள் நோவு குறைந்ததும் உம்மாவுக்கு எல்லாமே சுகமாகிவிட்டது போலத் தெரிந்தது. உள்ளே கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் பழுதாகிக்கொண்டே இருக்கும். இன்சுலினில் உயிர் வாழும் சிறுபிள்ளைகளுக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நம் ஊரில் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வீடியோக்களை அவர்களின் தாய்மாரும் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் அக்குபங்சர் ஏமாற்றா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நம் நாட்டில் இது நேற்று வந்ததல்ல. களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்டன் ஜயசூரிய இதைச் செய்த காலத்தில் வெளிநாடுகளிலிருந்து படிக்க ஆட்கள் வந்தார்கள். ஜெர்மனியில் நாரி நோவுள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி குத்தியவர்களில் 47.6 வீதமானோருக்கு ஆறு மாதத்தின் பின் நல்ல முன்னேற்றம். மருந்து, பிசியோதெரபி என்று வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 வீதம். சுவையான விடயம் மூன்றாவது கூட்டம். அவர்களுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலாகக் குத்தினார்கள், அவர்களிலும் 44.2 வீதமானோருக்கு முன்னேற்றம். ஆகவே ஊசியால் நோவு குறைகிறது என்பதை நம்புகிறேன். இந்தப் புள்ளி ஈரலுக்கு, அந்தப் புள்ளி சீனிக்கு என்று சுவரில் தொங்கும் படத்தை நான் அவ்வளவாக நம்பவில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

போகிறவர்கள் சில விடயங்களை வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசை குடித்தால், கர்ப்பமாக இருந்தால், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் (ஊசியில் கரண்ட் கொடுக்கும் முறை அவர்களுக்குக் கூடாது) முதலிலேயே சொல்லுங்கள். சீனியால் கால் விறைத்தவர்களுக்குச் சூட்டு விளக்கைக் காலுக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள், சுட்டாலும் தெரியாது. ஊசிப் பக்கெட்டை உங்கள் கண்முன்னே உடைக்க வேண்டும், ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தக்கூடாது. நெஞ்சிலோ மேல் முதுகிலோ குத்திய பிறகு மூச்சு முட்டினால் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிக அரிதுதான், ஆனால் நுரையீரலில் ஊசி பட்டுவிடலாம். குத்துபவர் இலங்கை மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிந்தவரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். சுவரில் சான்றிதழ் தொங்குகிறது என்பது பதில் ஆகாது.

பெண்கள் கேட்டதற்கு: உம்மாவுக்குத் திரை மூடி, தோளும் முழங்காலுக்குக் கீழும் மட்டும்தான் விலக்கினார்கள். கை தளர்வான உடுப்போடு போங்கள். பெண் டொக்டர் வரும் நாளை முதலே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வுழூவைப் பொறுத்தவரை, ஊசி பட்ட இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் கசிவதால் ஷாபிஈ மத்ஹபில் வுழூ முறியாது. இரத்தத்தைக் கழுவிவிட்டுத் தொழலாம். ஆண் டொக்டரின் கை பட்டால் அது வேறு சட்டம். நோன்பு நாளில் குத்தலாமா என்பதை உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். எங்கள் லேடி டொக்டர் நோன்பு காலத்தில் இஃப்தாருக்குப் பிறகுதான் ஆட்களை எடுப்பாராம். பசியோடு படுத்தால் மயக்கம் வரும் என்பதற்காக.

எட்டுத் தடவை முடிந்தது, தடவைக்கு 1,500 ரூபா. உம்மா இப்போது தானே தலை சீவுகிறா. கை பின்பக்கம் இன்னும் போகவில்லை, பயிற்சிக்குக் கூப்பிட்டால் இன்னும் முறைக்கிறா. சீனி 150க்கு இறங்கியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். குளிசை அட்டை இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது.