பிள்ளையோடு வளரும் ஸ்வெட்டர்

விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊர்களில் வாழும் சகோதரிகளுக்கு ஸ்வெட்டர் பின்னுவது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால், 6000 அடிக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் அதிகாலைகளில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு. அந்தக் குளிரில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் அலங்காரமல்ல, அத்தியாவசியம்.

எனது உம்மா பின்னிய முறை வேறு. முதுகுப் பக்கம், முன் பக்கம், இரண்டு கைகள் என நான்கு துண்டுகளைக் கீழிருந்து மேலாகப் பின்னி, கடைசியில் ஊசி நூலால் பொருத்துவார். அளவு சரியா என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். ஓர் அயல்வீட்டு ஆசிரியை எனக்குக் காட்டித்தந்த முறையோ கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குவது. பொருத்துத் தையலே கிடையாது. அமெரிக்கரான பார்பரா வாக்கர் இம்முறையை விளக்கி 1972இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

ஐந்து வயதுப் பேரனுக்கு 2020இல் நான் பின்னிய கணக்கை அப்படியே தருகிறேன். முதலில் ஒரு சிறு துண்டு பின்னி அளந்தேன். 4 அங்குலத்துக்கு 20 கண்ணிகள் வந்தன. மார்புச் சுற்று தளர்வாக 26 அங்குலம் வேண்டும். எனவே உடம்புக்கு 130 கண்ணிகள்.

கழுத்துக்கு 72 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றி, முறுக்கு விழாமல் வட்டமாக இணைக்க வேண்டும். குட்டையான வட்ட ஊசி, அல்லது இரு முனையும் கூரான ஊசிகள் போதும். கழுத்துப் பட்டியை முடித்ததும் கண்ணிகளைப் பங்கிட வேண்டும். முன்னுக்கு 24, பின்னுக்கு 24, ஒவ்வொரு கைக்கும் 10, இவற்றுக்கு இடையே எல்லைக் கண்ணிகள் 4. ஒவ்வோர் எல்லைக் கண்ணிக்கும் இருபுறமும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் 8 கண்ணிகள் கூட்ட வேண்டும். இப்படி 18 தடவை கூட்டியதும் 216 கண்ணிகள் இருக்கும். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும் இந்தக் கோட்டுக்கு ராக்லன் என்று பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலக்கரத்தை இழந்த ஆங்கிலேயப் பிரபுவின் பெயர் அது.

பின்னர் ஒவ்வொரு கைக்கும் உரிய 46 கண்ணிகளை வேறு நூலில் கோத்து ஒதுக்கி, அக்குள் ஒவ்வொன்றிலும் 3 கண்ணிகள் புதிதாக ஏற்றினால் உடம்புக்குச் சரியாக 130 வந்துவிடும். அதன் பின் சுற்றிச் சுற்றிப் பின்னுவதுதான் வேலை. இடையிடையே பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கலாம். உடம்பு முடிந்ததும் கைகளை எடுத்து, மணிக்கட்டு வரை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும்.

இம்முறையின் உண்மையான அருமை எனக்கு 2022இல்தான் விளங்கியது. பொருளாதார நெருக்கடியில் மருமகனின் சிறு கடை மூடப்பட்டது. பேரனின் ஸ்வெட்டர் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. புதியது வாங்கித் தருவதாகச் சொன்னேன். மகள் மறுத்துவிட்டாள். "உங்கட மருந்துக் காசுல வாங்க வேணாம் உம்மா. இருக்கிறத வெச்சுச் சமாளிப்பம்" என்றாள். அவளது ரோசத்தை நான் அறிவேன். வற்புறுத்தினால் மனம் நொந்துபோவாள்.

"அப்ப இருக்கிறத என்கிட்ட தாங்க மகள்" என்றேன். அதற்கு மட்டும் அவள் மறுக்கவில்லை.

மேலிருந்து பின்னிய துணி, முடித்த ஓரத்திலிருந்து இலகுவாகப் பிரியும். கீழ்ப் பட்டியையும் கைப் பட்டிகளையும் பிரித்தேன். கண்ணிகளை ஊசியில் எடுத்து, கைவசம் மிஞ்சியிருந்த சாம்பல் நிற நூலால் உடம்பில் 3 அங்குலமும் கைகளில் 2 அங்குலமும் கூட்டினேன். பிள்ளைகள் அகலத்தைவிட நீளத்தில்தானே விரைவாக வளர்கிறார்கள்! நீலத்தின் கீழே சாம்பல் பட்டி அழகாகவே இருந்தது. "உம்மும்மா, இதுவும் என்னோட வளருதா?" என்று பேரன் கேட்டான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இந்தக் கலை ஐரோப்பியருடையது என்று நினைக்க வேண்டாம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல்களில் எகிப்தின் பருத்திக் காலுறைகளும் அடங்கும். ஸ்பெயினில் 1275இல் மரணித்த ஓர் இளவரசரின் கல்லறையில் கிடைத்த பட்டுத் தலையணை, முஸ்லிம் கைவினைஞர்கள் பின்னியது. அதில் கண்ணி கண்ணியாக எழுதப்பட்டிருக்கும் அரபுச் சொல் பரக்கத்.

சகோதரிகளே, பின்னி முடித்ததும் மிஞ்சும் நூலை எறிந்துவிடாதீர்கள். உருண்டையாகச் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் வீட்டு ஸ்வெட்டரை இப்போது பேரனின் தங்கை அணிகிறாள். அவளுக்காக இன்னும் அரை உருண்டை நீல நூல் அலுமாரியில் இருக்கிறது.